ஸ்டீமில் முதல் கேம் வாங்கப் போகிறீர்களா? முதலில் சின்ன கேம், அப்புறம் கூட்டு கேம், கடைசியில்தான் போட்டி

மொபைலில் ஆடிச் சலித்துப்போய், லேப்டாப்பில் ஏதாவது நல்ல கேம் ஆடிப் பார்க்கலாம் என்று இறங்குகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஸ்டீம் என்பது வால்வ் நிறுவனம் நடத்தும் ஆன்லைன் கேம் கடை. நான் இறங்கியபோது பணம் எப்படிக் கட்டுவது, எதை முதலில் வாங்குவது, நம் வீட்டு இணையத்தில் எது ஒழுங்காக ஓடும் என்று சொல்ல ஆளில்லை. வீடியோக்களில் பேசியவர்கள் எல்லாரும் லட்ச ரூபாய் கணினி வைத்திருப்பவர்கள். ஒவ்வொன்றையும் முட்டி மோதித்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

என் கட்சி இதுதான்: எந்த வரிசையில் தொடங்குகிறீர்கள் என்பது, எந்த கேமில் தொடங்குகிறீர்கள் என்பதைவிட முக்கியம். முதலில் தனியாக ஆடும் ஒரு சின்ன இண்டி கேம், அதாவது பெரிய நிறுவனம் இல்லாமல் தனி ஆளோ சின்னக் குழுவோ செய்தது. அப்புறம் தெரிந்தவர்களோடு சேர்ந்து ஆடும் ஒரு கூட்டு கேம். முகம் தெரியாதவர்களோடு மோதும் போட்டி கேம்களைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். பலரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். போட்டி கேம்கள் இலவசமாகக் கிடைப்பதால் நேராக அங்கே போய் விழுகிறார்கள். பத்து வருடமாக ஆடுகிறவனிடம் ஒரு வாரம் அடி வாங்கிவிட்டு, 'நமக்கு இதெல்லாம் சரிப்படாது' என்று மூடி வைத்துவிடுகிறார்கள்.

1. கணினி எதைத் தாங்கும் என்று பாருங்கள்

விண்டோஸில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் ரேம் எவ்வளவு, கிராபிக்ஸ் எது, டிஸ்க் எஸ்எஸ்டியா பழைய ஹார்ட் டிஸ்க்கா என்பதெல்லாம் தெரியும். அதைக் குறித்துக்கொண்டு, கடையில் கேமின் பக்கத்தைத் திறந்து கீழே வரை போங்கள். அங்கே 'மினிமம்', 'ரெகமெண்டட்' என்று இரண்டு பட்டியல் இருக்கும். மினிமம் என்பதை நம்பி வாங்காதீர்கள். கேம் திறக்கும், ஆனால் ஆட முடியாது. ரெகமெண்டட் பட்டியலோடு ஒத்துப்போனால் மட்டும் வாங்குங்கள்.

8 ஜிபி ரேமும் எஸ்எஸ்டியும் இருந்தால், தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத அலுவலக லேப்டாப்பிலேயே நல்ல இண்டி கேம்களில் பெரும்பகுதியை ஆடலாம். டவுன்லோடு அளவும் சின்னது. பலாட்ரோவுக்கு 150 எம்பி இடம் போதும், ஸ்டார்டியூ வேலிக்கு 500 எம்பி, வால்ஹெய்முக்கு 1 ஜிபி. போட்டி கேமான கவுண்டர்-ஸ்ட்ரைக் 2 கேட்பது 85 ஜிபி. மொபைல் ஹாட்ஸ்பாட்டில் காலம் தள்ளுகிறவர்களுக்கு இந்த ஒரு வித்தியாசமே போதும், எங்கே தொடங்குவது என்று முடிவு செய்ய.

2. கணக்கு திறப்பது: என்னென்ன ஆவணம் வேண்டும்?

ஒன்றும் வேண்டாம். ஒரு மின்னஞ்சல் முகவரியும் ஒரு கைபேசி எண்ணும் போதும். வயது 13 நிரம்பியிருக்க வேண்டும். ஆதார், பான் கார்டு எதையும் ஸ்டீம் கேட்பதில்லை. 'உங்கள் கேம் கணக்கைச் சரிபார்க்க வேண்டும், ஆதார் நகல் அனுப்புங்கள்' என்று யாராவது கேட்டால் அது திருட்டு வேலை. பதில்கூடப் போடாதீர்கள்.

மின்னஞ்சல் விஷயத்தில் மட்டும் கவனம். கல்லூரியோ வேலை செய்யும் நிறுவனமோ கொடுத்த முகவரியில் கணக்கு திறக்காதீர்கள். அங்கிருந்து வெளியே வந்ததும் அந்த முகவரி போய்விடும், வாங்கிய கேம்களுக்கும் நீங்கள்தான் உரிமையாளர் என்று நிரூபிக்கக் கையில் ஒன்றும் இருக்காது.

கணக்கு திறந்த கையோடு ஸ்டீம் கார்டு (Steam Guard) என்ற பாதுகாப்பு வசதியைக் கைபேசிச் செயலியில் இணைத்துவிடுங்கள். அப்போது ஆர் என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் ஒரு மீட்புக் குறியீடு வரும். அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அதே கைபேசியில் வைத்துக்கொள்வதில் ஒரு பிரயோஜனமும் இல்லை. கைபேசி தொலைந்தால்தானே அது தேவைப்படும்? ஒரு தாளில் எழுதி, பாஸ்போர்ட் வைக்கும் இடத்தில் வைத்துவிடுங்கள்.

புதுக் கணக்கு 'லிமிடெட்' நிலையில் இருக்கும். 5 டாலர் மதிப்புக்குக் கடையில் செலவு செய்யும்வரை நீங்களாக யாருக்கும் நட்பு அழைப்பு அனுப்ப முடியாது. இலவச கேமை எத்தனை மாதம் ஆடினாலும் இந்தத் தடை போகாது. அதுவரை நண்பரை உங்களுக்கு அழைப்பு அனுப்பச் சொல்லுங்கள், அதை நீங்கள் ஏற்கலாம். அந்தத் தொகைக்கு கேம் வாங்கியதும் தானாகச் சரியாகிவிடும்.

3. பணம் கட்டுவது

இந்தியாவிலிருந்து கணக்கு திறந்தால் விலை ரூபாயில் தெரியும். யுபிஐ, நெட் பேங்கிங், கார்டு எல்லாம் செல்லும். இலங்கையில் இருப்பவர்களுக்கு விலை டாலரில்தான் காட்டும். அவர்களுக்கு வெளிநாட்டுப் பரிவர்த்தனை செல்லும் கார்டு தேவைப்படும்.

இந்தியக் கார்டு மறுக்கப்பட்டால் முதலில் கார்டைச் சந்தேகிக்காதீர்கள், அதன் அமைப்பைப் பாருங்கள். ரிசர்வ் வங்கி விதிப்படி 2020-க்குப் பிறகு தரப்படும் கார்டுகளில் ஆன்லைன் பயன்பாடும் வெளிநாட்டுப் பயன்பாடும் மூடியே வரும். வங்கிச் செயலியில் கார்டு கன்ட்ரோல் பகுதிக்குப் போய் நாமாகத் திறக்க வேண்டும். வாங்கி முடித்ததும் திரும்ப மூடிவிடலாம். இந்தத் தொல்லையே வேண்டாம் என்றால் யுபிஐ நல்லது. கார்டு எண்ணை எங்கும் சேமித்து வைக்கவும் வேண்டியதில்லை.

யுபிஐயில் ஒரு பொறி உண்டு. சில நேரம் வங்கியில் பணம் கழிந்துவிடும், கடையில் மட்டும் 'பெண்டிங்' என்றே நிற்கும். எனக்கு அப்படி நின்றபோது வங்கி வாடிக்கையாளர் சேவையில் பேசியவருக்கு நான் எதைப் பற்றிப் பேசுகிறேன் என்றே புரியவில்லை. பணம் தானாகத் திரும்பி வந்த பிறகுதான் புகாரைப் பதிவு செய்தார்கள். அந்த நிலையில் அவசரப்பட்டு இரண்டாவது முறை கட்டாதீர்கள். கணக்கு விவரப் பக்கத்தில் பர்ச்சேஸ் ஹிஸ்டரியைப் பாருங்கள். அங்கே பெண்டிங் என்று இருந்தால் பொறுத்திருங்கள். ஒன்றுமே இல்லாவிட்டால் மறுபடி முயலலாம். யுபிஐ பரிவர்த்தனை எண்ணை மட்டும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது, பாதி விலைக்கு கேம் கீ (ஸ்டீமில் போட்டால் கேம் கிடைக்கும் குறியீடு) விற்கும் மூன்றாம் தரப்புத் தளங்கள். அந்தக் கீ எங்கிருந்து வந்தது என்பது விற்பவருக்கே தெரியாமல் இருக்கலாம். திருட்டுக் கார்டில் வாங்கியதாக இருந்தால் பிற்பாடு ரத்தாகும், ஸ்டீமும் அதற்குப் பணம் திருப்பித் தராது. ஒரு ஆள் உட்கார்ந்து வருடக்கணக்கில் செய்த இண்டி கேமை அப்படி வாங்குவது எனக்குப் பிடிப்பதில்லை என்பது வேறு விஷயம். வேறு நாட்டில் இருப்பதாகக் காட்டும் விபிஎன் போட்டு அந்த நாட்டு விலைக்கு வாங்கும் வேலையும் வேண்டாம். கடையின் நாட்டை மூன்று மாதத்துக்கு ஒரு முறைதான் மாற்றலாம், அதற்கும் அந்த நாட்டுக் கட்டண முறை வேண்டும். பிடிபட்டால் கணக்குக்கே கட்டுப்பாடு வரும். இந்திய விலை ஏற்கெனவே பல நாடுகளைவிடக் குறைவு.

4. எப்போது வாங்குவது?

இன்று வேண்டாம். பிடித்த கேமை விஷ்லிஸ்டில் போட்டுவிடுங்கள், விலை குறைந்ததும் மின்னஞ்சல் வரும். ஜூன் கடைசியில் தொடங்கும் கோடைத் தள்ளுபடியும் டிசம்பர் கடைசியில் வரும் குளிர்காலத் தள்ளுபடியும் பெரியவை, சுமார் இரண்டு வாரம் ஓடும். வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் அதைவிடச் சிறிதாக ஒன்று உண்டு. வெளிவந்து இரண்டு மூன்று வருடமான இண்டி கேம் பாதி விலைக்கு வருவது சாதாரணம். ஃபேக்டோரியோ மட்டும் விதிவிலக்கு: அதைச் செய்தவர்கள் தள்ளுபடியே தருவதில்லை என்று கொள்கையாகவே வைத்திருக்கிறார்கள், 2023-இல் விலையை ஏற்றவும் செய்தார்கள். அதற்காகக் காத்திருப்பது வீண்.

காசே இல்லாமல் ருசி பார்க்க இரண்டு வழி. வருடத்தில் மூன்று முறை, பிப்ரவரி, ஜூன், அக்டோபர் வாக்கில், ஸ்டீம் நெக்ஸ்ட் ஃபெஸ்ட் நடக்கும். வரப்போகும் நூற்றுக்கணக்கான கேம்களின் டெமோக்கள் ஒரு வாரம் இலவசமாகக் கிடைக்கும். இன்னொன்று, எபிக் கேம்ஸ் கடை வாரா வாரம் வியாழனன்று ஒரு கேமையாவது இலவசமாகத் தருகிறது. ஒரு முறை எடுத்துக்கொண்டால் அது உங்களுடையது. ஆனால் எபிக்கில் எடுத்ததை ஸ்டீமில் ஆட முடியாது. நண்பர்கள் எந்தக் கடையில் வாங்கியிருக்கிறார்கள் என்று கேட்டுவிட்டு எடுங்கள்.

'எர்லி ஆக்சஸ்' என்று நீலப் பட்டியில் எழுதியிருந்தால் கேம் இன்னும் முடியவில்லை என்று அர்த்தம். இன்று இருக்கும் நிலைக்கு இந்த விலை தகுமா என்று மட்டும் பாருங்கள். 'அடுத்த வருடம் இதெல்லாம் வரும்' என்ற பட்டியலுக்குக் காசு கொடுக்காதீர்கள்.

5. முதல் கேம்: தனியாக ஆடுவது, சின்னதாக இருப்பது

முதல் கேமாக வேம்பயர் சர்வைவர்ஸைத்தான் எல்லாருக்கும் சொல்கிறேன். விலை மிகக் குறைவு, எந்தக் கணினியிலும் ஓடும், நகர்வது ஒன்றுதான் உங்கள் வேலை. ஆயுதம் தானாகச் சுடும். ஒரு ஆட்டம் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். விசைப்பலகையில் கை பழகுவதற்கு இதைவிட நல்ல வாத்தியார் இல்லை. ஆனால் ஆழம் குறைவு. ஒரு மாதத்தில் சலித்துவிடும். சலிக்கட்டும், போட்ட காசு அதற்குள் வசூலாகியிருக்கும்.

ஸ்டார்டியூ வேலி 2016-இல் வந்தது. எரிக் பரோன் என்ற ஒருவரே எழுதி, வரைந்து, இசையும் போட்டது. தாத்தா விட்டுப்போன புதர் மண்டிய பண்ணையைத் திருத்தி விவசாயம் செய்கிறீர்கள். கேமுக்குள் ஒரு நாள் என்பது நிஜத்தில் சுமார் 14 நிமிடம். 'இன்னும் ஒரு நாள் மட்டும்' என்று சொல்லிச் சொல்லியே இரவு இரண்டு மணி ஆகிவிடும். புதியவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று: படுக்கைக்குப் போய்த் தூங்கினால்தான் கேம் சேமிக்கும். மாலை ஐந்து மணிக்குச் சுரங்கத்தில் நல்ல வேட்டை, திடீரென்று அம்மா கூப்பிடுகிறார், கேமை மூடிவிட்டீர்கள் என்றால் அன்றைய உழைப்பு முழுவதும் போச்சு. மூடாமல் நிறுத்தி வைத்துவிட்டுப் போங்கள். இன்னொன்று, ஒரு பருவத்துக்கு 28 நாள்தான். 25-ஆம் நாள் காலிஃபிளவர் விதை வாங்கி நட்டால் பருவம் மாறும்போது காய்ந்து கிடக்கும். விதை விளைய எத்தனை நாள் என்று அதன் குறிப்பிலேயே இருக்கும், படித்துவிட்டு வாங்குங்கள்.

பலாட்ரோ 2024-இல் வந்த சீட்டு கேம். போக்கர் வரிசைகளைச் சேர்த்து, விதவிதமான ஜோக்கர்களை வைத்துப் புள்ளியைப் பெருக்க வேண்டும். காசு வைத்து ஆடுவது எதுவும் இல்லை. ஐரோப்பாவில்கூட ஒரு கட்டத்தில் சீட்டைப் பார்த்து 18 வயதுக்கு மேல் என்று முத்திரை குத்தி, பிறகு 12 என்று குறைத்தார்கள். எனவே வீட்டில் பெரியவர்கள் பின்னால் வந்து நின்று 'வீட்டுக்குள்ளேயே சீட்டாட்டமா' என்று கேட்டால் பொறுமையாக விளக்கம் சொல்லுங்கள். எனக்கு இந்தப் பட்டியலிலேயே அதிகம் பிடித்தது இதுதான்.

ஹாலோ நைட்டை எல்லாரும் தூக்கி வைத்துக் கொண்டாடுவார்கள். நல்ல கேம்தான், ஆனால் முதல் கேமாக வேண்டாம். தொடக்கத்தில் வரைபடம்கூடக் கையில் இருக்காது. கார்னிஃபர் என்ற வரைபடக்காரர் எங்கோ முணுமுணுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார், அவரைத் தேடிப்பிடித்து வாங்க வேண்டும். முதல் இரண்டு மூன்று மணி நேரம் மெதுவாகத்தான் போகும். அதற்கு முன்னால் செலஸ்டை ஆடுங்கள். மலையேறும் கேம்; விழுந்து விழுந்து எழ வேண்டியிருக்கும், ஆனால் விழுந்த அடுத்த நொடியே அந்தத் திரையின் தொடக்கத்தில் எழுந்துவிடலாம். மிகவும் கடினமாக இருந்தால் அசிஸ்ட் மோட் உண்டு: வேகத்தைக் குறைக்கலாம், சாகாமலேகூட ஆடலாம். அதைப் போடுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. யார் வந்து பார்க்கப் போகிறார்கள்?

வெண்பாவைச் சொல்லாமல் விட முடியாது. டொராண்டோவைச் சேர்ந்த விசை கேம்ஸ் 2023-இல் வெளியிட்டது. 1980-களில் கனடாவுக்குக் குடிபோன ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை. அம்மாவின் சமையல் குறிப்பேட்டில் எழுத்து அழிந்துபோன இடங்களை ஊகித்துச் சமைக்க வேண்டும். 2024-இல் சிறந்த முதல் படைப்புக்கான பாஃப்டா விருது வாங்கியது. முதல் சமையலே இட்லிதான். துணியை எங்கே போடுவது, தட்டுகளை எப்படி அடுக்குவது என்று அந்த ஊர் ஆட்டக்காரர்கள் தடுமாறும் இடத்தில் நமக்குக் கை தானாகப் போகும். புதிர் என்ற அளவில் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு அது ரொம்பச் சுலபம். கதையும் மகன் பேசும் விதமும்தான் அதைத் தாங்கி நிற்கின்றன. சுமார் ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும் என்பதால் தள்ளுபடியில் வாங்கினால் மனம் உறுத்தாது.

6. பிடிக்கவில்லையா? பணத்தைத் திரும்பப் பெறுங்கள்

ஸ்டீமின் மிகப் பெரிய வசதி இது, புதியவர்கள் பலருக்குத் தெரிவதே இல்லை. வாங்கி 14 நாளுக்குள், ஆடிய நேரம் 2 மணி நேரத்துக்குக் குறைவாக இருந்தால், காரணம் எதுவானாலும் பணம் திரும்ப வரும். ஹெல்ப் பக்கம், பர்ச்சேஸஸ், அந்த கேம், ரீஃபண்ட் என்று வரிசையாகப் போனால் போதும். ஸ்டீம் வாலட்டுக்கா, கட்டிய வழிக்கேயா என்று கேட்கும். அடுத்து வேறு கேம் வாங்கப்போகிறீர்கள் என்றால் வாலட்டுக்குக் கேளுங்கள். ஒப்புதல் வந்த ஒரு வாரத்துக்குள் பணம் வந்துவிடும் என்பது அவர்கள் கணக்கு. வங்கிக்குப் போவது இன்னும் சில நாள் இழுக்கலாம்.

கவனிக்க வேண்டியவை சில. மெனுவைத் திறந்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போனாலும் கடிகாரம் ஓடும். எர்லி ஆக்சஸில் ஆடிய நேரமும் கணக்கில் சேரும். வெளித் தளத்தில் கீ வாங்கியிருந்தால் இந்த வசதி இல்லை. அடிக்கடி திருப்பிக் கொடுத்தால் வசதியையே நிறுத்திவிடுவதாக விதியில் எழுதியிருக்கிறார்கள்.

ஹாலோ நைட் மாதிரி மெதுவாகத் தொடங்கும் கேம்களில் இந்த இரண்டு மணிக் கணக்கு நம்மைத் தவறாக வழிநடத்தும். கேம் சூடு பிடிக்கும் முன்பே திருப்பித்தரும் நேரம் முடிந்துவிடும். அப்படிப்பட்ட கேம்களுக்கு வாங்கும் முன்பே யாராவது மூன்றாவது, நான்காவது மணி நேரத்தில் ஆடும் வீடியோவைப் பாருங்கள். வெண்பா போன்ற குறும் கேமை முழுவதும் ஆடி முடித்துவிட்டுப் பணத்தைக் கேட்பதும் விதிப்படி முடியும்தான். செய்யாதீர்கள்.

7. கூட்டு கேம்கள்: முதலில் தலையை எண்ணுங்கள்

எந்த கேம் என்று யோசிக்கும் முன் எத்தனை பேர் உறுதியாக வருவார்கள் என்று கேளுங்கள். 'வரேன்டா' என்று சொன்னவர்களில் பாதிதான் வருவார்கள், அதையே கணக்காக வைத்துக்கொள்ளுங்கள்.

இருவர் என்றால் இட் டேக்ஸ் டூ. பெரிய நிறுவனத்தின் வெளியீடுதான், ஆனால் ஒருவர் வாங்கினால் போதும், மற்றவர் ஃப்ரெண்ட்ஸ் பாஸை இலவசமாக இறக்கிக்கொண்டு சேரலாம். கணவன் மனைவி சேர்ந்து ஆடினால் இரண்டில் ஒன்று நடக்கும், நான் எதையும் உத்தரவாதம் தரமாட்டேன்.

நால்வர் என்றால் டீப் ராக் கேலக்டிக். குள்ளர்கள் நால்வர் சுரங்கத்துக்குள் இறங்கித் தாது எடுக்கிறார்கள், பூச்சிகள் வந்து மொய்க்கின்றன. சுடுபவர், தோண்டுபவர், மேடை கட்டுபவர், வெளிச்சம் போட்டு முன்னே ஓடுபவர் என்று நான்கு விதம், யாரும் வெட்டியாக நிற்க முடியாது. முகம் தெரியாதவர்களோடு ஆடினாலும் திட்டு வாங்காத அபூர்வமான கேம் இது. வி விசையைத் தட்டினால் உங்கள் குள்ளர் கோடரியைத் தூக்கி 'ராக் அண்ட் ஸ்டோன்' என்று கத்துவார், மற்ற மூவரும் பதிலுக்குக் கத்துவார்கள். வேறு எதுவும் பேசத் தேவையில்லை. ஆங்கிலம் பேசத் தயங்குகிறவர்களுக்கு இது பெரிய ஆறுதல்.

லீதல் கம்பெனியும் நால்வருக்குத்தான். மூன்று நாளுக்குள் இவ்வளவு பழைய இரும்பு பொறுக்கி வர வேண்டும் என்று ஒரு கம்பெனி அனுப்புகிறது. தூரத்தைப் பொறுத்துக் குரல் கேட்கும். அடுத்த அறையில் நண்பர் ஏதோ சொல்லிக்கொண்டே இருக்கும்போது பாதி வார்த்தையில் குரல் அறுந்துபோகும். அப்புறம் அங்கே யாரும் போகமாட்டார்கள். அந்நியர்களோடு ஆடினால் இதில் ஒன்றுமில்லை. ஃபாஸ்மஃபோபியாவும் இதே ரகம்; பேய் நம் மைக்கைக் கேட்கும், ஆனால் தமிழில் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்காது. சத்தம் இரண்டிலும் முக்கியம் என்பதால் மைக் உள்ள சுமாரான ஹெட்செட் ஒன்று கட்டாயம் வேண்டும், கன்ட்ரோலருக்கு முன்னால் அதை வாங்குங்கள்.

ஏழெட்டுப் பேர் சேர்ந்தால் அமாங் அஸ். நான்கு பேர் போதும் என்று போட்டிருப்பார்கள், ஏழுக்குக் கீழே சுவையே இல்லை. கைபேசியில் இலவசம், கணினியில் ஆடுகிறவர்களோடு சேர்ந்துகொள்ளலாம். கணினி இல்லாத தம்பி தங்கைகளையும் இழுத்துப் போடலாம்.

வால்ஹெய்ம் பத்துப் பேர் வரை. காட்டில் மரம் வெட்டி, வீடு கட்டி, படகு விட்டு, மாதக்கணக்கில் ஆடலாம். ஆனால் உலகத்தைத் திறந்தவரின் கணினியில்தான் அது சேமிக்கப்பட்டிருக்கும். அவர் வேலை மாறிப் பெங்களூரு போனால், நீங்கள் எல்லாரும் சேர்ந்து கட்டிய ஊர் அவரோடு போய்விடும். ஸ்டார்டியூவின் கூட்டுப் பண்ணைக்கும் இதே நிலைமை. எனவே தினமும் வரக்கூடியவர், நல்ல இணையம் உள்ளவர் யாரோ அவரே திறக்கட்டும், சேமிப்புக் கோப்பை வாரம் ஒரு முறை எல்லாருக்கும் நகலெடுத்துத் தரட்டும்.

செலவைக் குறைக்க இரண்டு வசதி. ஒரே வீட்டில் இருப்பவர்கள் ஸ்டீம் ஃபேமிலிஸில் ஆறு பேர் வரை சேர்ந்து ஒருவர் வாங்கியதை மற்றவர் ஆடலாம். ஒரு பிரதியை ஒரே நேரத்தில் ஒருவர்தான் ஆட முடியும், எனவே சேர்ந்து ஆட இரண்டு பிரதி வேண்டும். ஒருவர் விலகினால் அந்த இடம் ஒரு வருடம் நிரப்ப முடியாமல் கிடக்கும். உங்கள் பிரதியில் தம்பி ஏமாற்று மென்பொருள் போட்டு மாட்டினால் தடை உங்களுக்கும் சேர்த்துத்தான். இரண்டாவது வசதி ரிமோட் பிளே டுகெதர்: ஓவர்குக்டு 2 போல ஒரே திரையில் பலர் ஆடும் கேம் என்றால் ஒருவரிடம் இருந்தால் போதும், மற்றவர்களுக்கு அவர் திரை ஒளிபரப்பாகும். திறப்பவரின் அப்லோடு வேகம் நன்றாக இருக்க வேண்டும்.

8. பிங் பார்க்காமல் பணம் கட்டாதீர்கள்

இங்கே இணைய வேகத்தைவிடப் பிங்தான் முக்கியம். நீங்கள் அழுத்தியது சர்வருக்குப் போய்த் திரும்பும் நேரம் அது. வால்வ் நிறுவனத்துக்குச் சென்னையிலும் மும்பையிலும் சர்வர் உண்டு, எனவே கவுண்டர்-ஸ்ட்ரைக் நமக்குத் தெருமுனையில் நடக்கும் ஆட்டம். வாலரண்ட் மும்பையில் ஓடுகிறது. சிங்கப்பூர் சர்வர் என்றால் சென்னையிலிருந்து பெரும்பாலும் 30 முதல் 60 மில்லிசெகண்டுக்குள் வரும், தாராளமாக ஆடலாம். ஐரோப்பா மட்டும்தான் என்றால் கூட்டு கேம் சமாளிக்கும், சுடும் போட்டி சமாளிக்காது. முடிந்தால் வைஃபையை விட்டுவிட்டு ரவுட்டரிலிருந்து நேராக கேபிள் போடுங்கள்.

சின்னக் குழு செய்த போட்டி கேம்களில் இன்னொரு ஆபத்து: ஆளே இருக்கமாட்டார்கள். விமர்சனம் பிரமாதமாக இருக்கும், வாங்கித் திறந்தால் நம் ஊர் இரவு ஒன்பது மணிக்கு உலகத்திலேயே நாற்பது பேர் ஆடிக்கொண்டிருப்பார்கள். ஸ்டீம்டிபி தளத்தில் எந்த கேமை எந்த நேரத்தில் எத்தனை பேர் ஆடுகிறார்கள் என்று பார்க்கலாம். அதைப் பார்க்காமல் இண்டி போட்டி கேம் எதையும் வாங்காதீர்கள். கூட்டு கேமுக்கு இந்தக் கவலை இல்லை, உங்கள் நான்கு பேர் இருக்கும்வரை அது சாகாது.

9. போட்டி கேம்: இலவசம் என்பார்கள், நேரத்தை எண்ணுங்கள்

கவுண்டர்-ஸ்ட்ரைக் 2, டோட்டா 2, வாலரண்ட் மூன்றும் இலவசம். டோட்டாவில் ரேங்க் ஆட்டத்துக்குள் நுழையவே 100 மணி நேரம் ஆடியிருக்க வேண்டும். வாலரண்டின் ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள் கணினியின் அடிமட்டம்வரை போய் உட்காரும். அலுவலக லேப்டாப்பில் போடாதீர்கள்.

ஒரு ஆட்டம் முப்பது, நாற்பது நிமிடம் பிடிக்கும். நடுவில் விட்டுப்போனால் தண்டனையாகக் கொஞ்ச நேரம் ஆட விடாது, மின்வெட்டு என்று சொன்னாலும் கேட்காது. லேப்டாப்பில் பேட்டரி இருக்கும், ரவுட்டர்தான் அணையும். ரவுட்டருக்கென்றே சின்ன யுபிஎஸ் கிடைக்கிறது, போட்டி கேமில் இறங்குவதென்றால் அது முதல் செலவு. திட்டுகிறவர்களை உடனே மியூட் செய்துவிடுங்கள், பதில் பேசி ஜெயித்தவர் இல்லை.

ஆயுதத்துக்குப் போடும் ஸ்கின்களுக்கு மாத வரம்பு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் பூஜ்யம். ஸ்கின்னைப் பந்தயம் வைக்கும் தளங்கள் பக்கம் தலைவைத்தும் படுக்காதீர்கள். பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடைசெய்யும் சட்டம் 2025 ஆகஸ்டில் இந்திய நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. நாம் விலை கொடுத்து வாங்கி ஆடும் கேம்களுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

10. கணக்கைக் காப்பது

நண்பரின் பெயரிலேயே ஒரு செய்தி வரும்: 'எங்கள் அணிக்கு ஓட்டுப் போடு' என்று ஒரு சுட்டி. அல்லது, 'தவறுதலாக உன் கணக்கைப் புகார் செய்துவிட்டேன், இந்த அதிகாரியிடம் டிஸ்கார்டில் (கேம் ஆடுகிறவர்களின் அரட்டைச் செயலி) பேசு'. இரண்டும் பழைய மோசடிகள். நண்பரின் கணக்கு ஏற்கெனவே திருடு போயிருக்கிறது என்று அர்த்தம். அவருக்குக் கைபேசியில் கூப்பிட்டுச் சொல்லுங்கள். வால்வ் ஊழியர் யாரும் டிஸ்கார்டில் வந்து பேசமாட்டார்.

ஒவ்வொரு முறை வாங்கும்போதும் வரும் ரசீது மின்னஞ்சலை அழிக்காமல் ஒரு தனி ஃபோல்டரில் போட்டு வையுங்கள். கணக்கு கைவிட்டுப் போனால், அது உங்களுடையதுதான் என்பதற்கு ஸ்டீம் ஆதரவுக் குழு கேட்பது முதலில் பதிவு செய்த மின்னஞ்சல், கைபேசி எண், பணம் கட்டிய விவரம் ஆகியவை. முதன்முதலில் வாங்கிய கேமின் ரசீதும் அதற்கான யுபிஐ பரிவர்த்தனை எண்ணும் இருந்தால் கணக்கு மீட்புப் படிவத்தை நிரப்பப் பத்து நிமிடம் போதும்.